தகவல் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை

‘நூலகத்தின் பயன்கள்’ என்று தலைப்புக் கொடுத்து நாற்பது பேரை எழுதச் சொன்னால், நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரைதான் வரும். நூலகம் அறிவின் கோயில், நூல்கள் நல்ல நண்பர்கள், எனவே நாம் அனைவரும் நூலகம் செல்வோம் என்று முடியும். அந்த ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பையன் இதைப் படித்தால் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், உறுப்பினராக என்ன கொண்டுபோக வேண்டும், ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் தருவார்கள் என்று எதுவுமே தெரிந்துகொள்ள மாட்டான். எழுதிய பிள்ளைக்கும் அவை தெரியாது.

பிள்ளைகளுக்கு மொழி வரவில்லை, அதனால்தான் கட்டுரை நன்றாக அமையவில்லை என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கையில் சரக்கு இல்லாமல் எழுத உட்கார்ந்தால் யாருக்கும் அலங்காரச் சொல்தான் வரும். இதே பிள்ளையிடம் வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாயில் மீன் பிடிப்பதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதம் பிடிப்பார்கள், வலை எப்படிப் போடுவார்கள் என்று வரிசையாகச் சொல்லும். ஆகவே எழுதத் தொடங்கும் முன் நடக்க வேண்டிய வேலைக்குத்தான் இங்கே அதிக நேரம் கேட்கிறோம். ஒரு கட்டுரைக்கு எட்டுப் பாடவேளை என்று வைத்துக்கொண்டால், முதல் நான்கு பாடவேளை வரை கட்டுரை நோட்டைத் திறக்கவே வேண்டாம்.

தலைப்பை நறுக்குதல்

‘மல்லிகை’, ‘வைகை’, ‘ஜல்லிக்கட்டு’ எல்லாம் ஒரு கட்டுரைக்கு அடங்காத தலைப்புகள். அவற்றை ஒரு கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். ‘எப்படி’, ‘ஏன்’, ‘எங்கிருந்து’ ஆகியவற்றில் ஒன்றாவது கேள்வியில் இருக்க வேண்டும். மல்லிகை என்பது ‘பூச்சந்தையில் மல்லிகை விலை ஏன் ஏறி இறங்குகிறது?’ என்று ஆகும். ஜல்லிக்கட்டு என்றால் பிள்ளைகள் வீரம், பண்பாடு என்று பாராட்டில் இறங்கிவிடுவார்கள். ‘வாடிவாசலுக்கு வரும் முன் காளைக்கு என்னென்ன சோதனை நடக்கிறது?’ என்று நறுக்கினால் தகவலுக்குத் திரும்பி வருவார்கள்.

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. சுங்குடிச் சேலையில் வெள்ளைப் புள்ளி எப்படி விழுகிறது? விளாச்சேரியில் கொலு பொம்மை மண்ணிலிருந்து வண்ணம் வரைக்கும் எப்படி உருவாகிறது? வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சும் தோல்பையை எப்படித் தயார் செய்கிறார்கள்? கிராமத்துப் பள்ளி என்றால் கண்மாய் மடை எப்படித் திறக்கிறது, வயலில் ஏன் ஆட்டுக்கிடை போடுகிறார்கள் என்று எடுக்கலாம்.

தலைப்பு சரியா என்று பார்க்க இரண்டே சோதனை போதும். நடந்துபோகும் தூரத்தில் இதைப் பற்றிக் கேட்க இரண்டு பேராவது இருக்கிறார்களா? இரண்டு நாளில் பத்துத் தகவல் சேர்க்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் தலைப்பை மாற்றிவிடுங்கள். ‘ஒற்றுமையே பலம்’, ‘தாயன்பு’ போன்றவை கருத்துக் கட்டுரைக்கு உரியவை. அவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் இந்தப் பயிற்சியில் கலக்க வேண்டாம். இரண்டையும் கலந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் உபதேசத்தோடு முடிவுரை எழுதப் பழகிவிடுவார்கள்.

ஒரு வகுப்புக்கு ஒரே தலைப்பா, ஆளுக்கொரு தலைப்பா? முதல் முறை வகுப்பு முழுவதற்கும் ஒரே தலைப்பு வைப்பது நல்லது. கரும்பலகையில் காட்டும் ஒவ்வொரு படியும் எல்லோருக்கும் பொருந்தும். இரண்டாவது கட்டுரையிலிருந்து ஐந்தாறு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடலாம்.

துண்டுத் தாளில் தகவல் சேர்த்தல்

ஒரு ஏ4 தாளை எட்டாகக் கிழித்தால் வரும் துண்டு போதும். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளாகவே இருக்கட்டும். ஏழு, எட்டாம் வகுப்புக்கு ஆளுக்குப் பன்னிரண்டு துண்டு, ஆறாம் வகுப்புக்கு எட்டு. நாற்பது பேர் உள்ள எட்டாம் வகுப்புக்கு அறுபது தாள் செலவாகும்.

விதி மூன்று. ஒரு துண்டில் ஒரு தகவல் மட்டும். அந்தத் தகவலில் ஓர் எண்ணோ, பெயரோ, இடமோ, காரணமோ கட்டாயம் இருக்க வேண்டும். துண்டின் அடியில் யார் சொன்னது அல்லது எங்கே படித்தது என்று எழுத வேண்டும்.

நோட்டில் எழுதினால் என்ன என்று கேட்பார்கள். நோட்டில் எழுதும் பிள்ளை, கேட்ட வரிசையிலேயே கட்டுரையையும் எழுதிவிடும். துண்டை இடம் மாற்றலாம், வேண்டாததைத் தூக்கிப் போடலாம். இந்த முறையில் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது.

முதலில் வரும் துண்டுகளில் பாதி தகவலாக இருக்காது. ‘மதுரை மல்லி உலகப் புகழ் பெற்றது’ என்று எழுதி வருவார்கள். ‘எப்படித் தெரியும்?’ என்று மட்டும் கேளுங்கள், திட்ட வேண்டாம். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகும் பிள்ளை ‘2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது’ என்று திரும்பி வரும். இப்போது துண்டில் ஆண்டும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

ஆட்களிடம் கேட்பதற்கும் பழக்க வேண்டும். ‘மல்லிகையைப் பற்றிச் சொல்லுங்க’ என்று போய் நின்றால் பூக்கார அக்கா என்ன சொல்வார்? ‘நல்லா மணக்கும்’ என்பார். கேள்வி குறிப்பாக இருந்தால்தான் பதிலும் குறிப்பாக வரும். பெரும்பாலான தொழில்களுக்கு நான்கு கேள்விகள் பொருந்தும்: முதலில் என்ன செய்வீங்க? எவ்வளவு, எந்த நேரத்தில்? எது கெட்டுப்போகும், ஏன்? போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம்? வகுப்பில் இரண்டு இரண்டு பேராக, ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் கேட்பவராகவும் பேசிப் பழகிவிட்டுப் போகட்டும். வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்துப் போகவும், பெரியவர்களை அக்கா, அண்ணே, ஐயா என்று முறையாக அழைத்து அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்கவும் சொல்லி அனுப்புங்கள். தெரியாத இடத்துக்குத் தனியாக அனுப்பவே வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும்.

சொல்பவர் பயன்படுத்தும் தொழில் சொல்லைப் பிள்ளை அப்படியே துண்டில் எழுத வேண்டும். அரும்பு, வரத்து, கிடை, மடை, கலுங்கு போன்ற சொற்களை ‘நல்ல தமிழில் மாற்றுகிறேன்’ என்று அடித்துவிட்டுப் பொதுச்சொல் போட்டால் கட்டுரையின் உயிரே போய்விடும். வாசிப்பவருக்குப் புரியாது என்று தோன்றினால், முதல் தடவை வரும் வாக்கியத்திலேயே விளக்கம் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘கண்மாய் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறும்.’ தனியாக ஒரு விளக்க வரி தேவைப்படவில்லை, பாருங்கள்.

செல்போனில் தேடுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. வரி வரியாகப் பார்த்து எழுதுவதுதான் கெடுதல். அதற்கு ஒரு வழி உண்டு: படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும், சொன்னதை எழுத வேண்டும். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. புத்தகம் பார்க்க, மதுரை புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

சொன்னதெல்லாம் உண்மையா?

துண்டுகளைச் சரிபார்க்க ஒரு பாடவேளை முழுவதும் ஒதுக்குங்கள். இந்தப் பாடவேளையை அவசரமாக முடிக்க வேண்டாம். நம் ஊர்த் தகவல்களில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் மூன்று இடங்களைக் கரும்பலகையில் எழுதிப் பயிற்சியாக நடத்தலாம்.

முதலாவது, ‘மதுரை மாவட்டத்தில் உள்ள கீழடி’. மதுரையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான் என்பதால் எல்லோரும் இப்படி எழுதுகிறார்கள். கீழடி சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது வேறு, அதற்குள் இருப்பது வேறு என்று வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, ‘மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண்கள் உள்ளன’. உள்ளவை 985. பெயரில் இருக்கும் எண்ணை எண்ணிப் பார்த்த எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதுதான் மிக நல்ல பயிற்சி. ‘தெப்பக்குளம் தோண்டிய மண்ணில்தான் திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மகாலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு 1636, தெப்பக்குளத்துக்கு 1645. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்து, ‘என்ன தோன்றுகிறது?’ என்று கேளுங்கள். யாராவது ஒருவர், ‘மகால் முன்னாடியே கட்டியாச்சே!’ என்பார். இன்னொருவர், ‘கட்டி முடிக்க வருஷக்கணக்கில் ஆகியிருக்கலாம்ல?’ என்பார். இரண்டும் நல்ல கேள்விகள். வகுப்பறையில் இதற்கு முடிவு காண முடியாது. முடிவு காணாமலே எழுதும் முறையைக் காட்டலாம்: ‘தெப்பக்குளம் தோண்டிய மண்ணில் மகாலுக்குச் செங்கல் செய்ததாக மக்கள் சொல்கிறார்கள்.’ ‘சொல்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் வாக்கியம் நேர்மையாகிவிட்டது. உறுதியாகத் தெரிந்ததற்கும் செவிவழி வந்ததற்கும் வினைமுற்றிலேயே வேறுபாடு காட்ட முடியும் என்று பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டால், பிறகு எதைப் படித்தாலும் அந்தக் கண்ணோடு படிப்பார்கள்.

வரிசை

துண்டுகளைத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். பெஞ்சில் இடம் போதாது. ஒன்றுக்கொன்று சேர்ந்து வருபவற்றைக் குவியலாக்கி, ஒவ்வொரு குவியலுக்கும் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு வரி எழுதி மேலே வைக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இரண்டு குவியல், ஏழாம் வகுப்புக்கு இரண்டு அல்லது மூன்று, எட்டாம் வகுப்புக்கு மூன்று போதும். ஒரு குவியல் ஒரு பத்தியாகும்.

பன்னிரண்டு துண்டில் மூன்று நான்கு எதிலும் சேராது. அவற்றை ஓர் உறையில் போட்டு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்ததை விடப் பிள்ளைக்கு மனசு வராது. ‘இதையும் எங்கேயாவது போட்டுடறேன் சார்’ என்று கெஞ்சும். விட்டுக்கொடுக்காதீர்கள். சேராத தகவலைச் செருகிய இடத்தில்தான் ‘மேலும்’ என்ற சொல் வந்து உட்காரும்.

குவியல்களை எந்த முறையில் அடுக்குவது? செய்முறை என்றால் காலவரிசை. சுங்குடியில் முதலில் துணியை நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள், பிறகு சாயத்தில் முக்குவார்கள், முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இதைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னாலே வரிசையின் அருமை விளங்கும். ஓர் இடத்தை விவரிப்பது என்றால் வெளியிலிருந்து உள்ளே: தெப்பக்குளத்துக்குக் கரை, படிகள், தண்ணீர், மைய மண்டபம். ‘ஏன்’ என்ற தலைப்புக்கு முதலில் நடப்பது என்ன என்று சொல்லிவிட்டு, பிறகு காரணங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரே முறைதான். நடுவில் மாற்றினால் வாசிப்பவர் வழி தவறிவிடுவார்.

ஒரு பத்தி, கரும்பலகையில்

முழுக் கட்டுரையை எழுதச் சொல்லும் முன் ஒரே ஒரு பத்தியை வகுப்பே சேர்ந்து எழுத வேண்டும். நாற்பது நிமிடமும் அதற்கே போகட்டும். வழக்கமாக வரும் பத்தி ஒன்றை முதலில் பலகையில் எழுதுங்கள்:

‘மதுரை என்றாலே மல்லிகைதான் நினைவுக்கு வரும். மல்லிகை மிகவும் மணமுள்ள மலர் ஆகும். இதைப் பெண்கள் விரும்பிச் சூடுவர். இதன் விலை சில நேரம் கூடும், சில நேரம் குறையும். எனவே மல்லிகை மிகவும் சிறப்பு வாய்ந்தது ஆகும்.’

ஐந்து வாக்கியம், எழுத்துப்பிழை இல்லை. பழைய முறையில் முழு மதிப்பெண்கூடக் கிடைக்கலாம். இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் தொட்டு, ‘இது வாசிப்பவருக்குத் தெரியாத விஷயமா?’ என்று கேளுங்கள். நான்காவதில் மட்டும் வகுப்பு தயங்கும். மற்ற நான்கையும் அழித்துவிட்டு, மிச்சமான வாக்கியத்திடம் ‘எப்போது கூடும்? ஏன்?’ என்று கேட்டுத் துண்டுகளிலிருந்து பதிலை எடுக்கச் சொல்லுங்கள். இப்படி ஒரு பத்தி வரும்:

‘மல்லிகைப்பூவின் விலை எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏறச் செடி நிறைய அரும்பு விடும். சந்தைக்கு வரத்து கூடுவதால் விலை இறங்கும். மார்கழியிலும் தையிலும் பனி விழும்போது அரும்பு குறையும். அதே தை மாதத்தில் பொங்கலும் கல்யாண முகூர்த்தங்களும் வரும். வாங்குபவர்கள் கூடி, பூ குறைவதால் அந்த நாட்களில் விலை ஏறுகிறது.’

ஏன் இது தெளிவாக இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். முதல் வாக்கியம் பத்தி எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறது. அடுத்த ஐந்தும் அதற்கு ‘ஏன்’ சொல்கின்றன. ‘அதே தை மாதத்தில்’ என்ற தொடர் முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ‘சிறப்பு’, ‘மிகவும்’ எங்கும் இல்லை. எந்த வாக்கியமும் பத்துச் சொல்லைத் தாண்டவில்லை.

இணைப்புச் சொற்களில் ஆறு போதும்: முதலில், அதன்பிறகு, ஏனென்றால், அதனால், ஆனால், எடுத்துக்காட்டாக. இவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘மேலும்’ என்ற சொல்லை ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அது தொடர்பு இல்லாததையும் தொடர்பு உள்ளதுபோல் காட்டிவிடும்.

வாக்கியம்

தமிழில் வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். பிள்ளைகள் பேசுவதும் அப்படித்தான். ஆனால் எழுத்தில் அதுவே தெளிவைக் கெடுக்கிறது:

‘காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போய் அரும்பைப் பறித்துக் கூடையில் போட்டு ஈரத்துணியால் மூடி வண்டியில் ஏற்றி மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோய் இறக்கி எடைபோட்டு விற்கிறார்கள்.’

இதில் பெரிய குறை நீளம்கூட இல்லை. பறிப்பவரும் விற்பவரும் ஒரே ஆள் என்று ஆகிவிட்டது. நடுவில் ஆள் மாறியதை வாக்கியம் மறைக்கிறது. ஒரு வாக்கியத்தில் வினையெச்சம் இரண்டுக்கு மேல் வேண்டாம், ஆள் மாறினால் வாக்கியமும் மாற வேண்டும் என்று இரண்டு விதி கொடுத்தால் சரியாகிவிடும்: ‘விடியும் முன்பே பறிப்பவர்கள் தோட்டத்தில் இறங்கி அரும்பு பறிக்கிறார்கள். பறித்த அரும்பை ஈரத்துணியால் மூடி வண்டியில் ஏற்றுகிறார்கள். மாட்டுத்தாவணியில் கமிஷன் கடைக்காரர் எடைபோட்டு விற்றுத் தருகிறார்.’

பேச்சு வழக்கு எழுத்தில் கலப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதல் வரைவில் ‘அங்கிட்டு’, ‘வந்துச்சு’ எல்லாம் வரட்டும். படியெடுக்கும்போது ‘அந்தப் பக்கம்’, ‘வந்தது’ என்று மாற்றிக்கொள்வார்கள். முதலிலேயே பிடித்துத் திருத்தினால் பிள்ளை பயந்து, பாதுகாப்பான புத்தக வாக்கியங்களுக்கு ஓடிவிடும்.

மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் பல வகுப்புகளில் உண்டு. வேலைக்காக வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். வீட்டு மொழியில் கேட்டு, அந்த மொழியிலேயே துண்டில் குறித்துவந்து, வகுப்பில் தமிழில் சொல்லி எழுதட்டும். சுங்குடியைப் பற்றி எழுதும்போது சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளையிடம் மற்றவர்களுக்குக் கிடைக்காத தகவல் கிடைக்கலாம். எழுதவே திணறும் பிள்ளை வாயால் சொல்ல, பக்கத்துப் பிள்ளை எழுதித் தரலாம். அடுத்த கட்டுரையில் முதல் மூன்று வாக்கியத்தையாவது தானே எழுத வேண்டும்.

முன்னுரையும் முடிவுரையும் கடைசியில்

பொருளுரைப் பத்திகள் முடிந்த பிறகே முன்னுரை. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே அறிமுகம் செய்ய முடியும்? இரண்டு அல்லது மூன்று வாக்கியம் போதும்: எதைப் பற்றி, எங்கே நடக்கிறது, எந்தக் கேள்விக்கு விடை வருகிறது. ‘என்றால் அது மிகையாகாது’, ‘இன்றியமையாத ஒன்றாகும்’, ‘இன்றைய நவீன உலகில்’ மூன்றையும் வகுப்பே ஒப்புக்கொண்டு விட்டுவிடலாம்.

தேர்வில் குறிப்புச் சட்டகமும் உட்தலைப்புகளும் கேட்பார்கள் என்ற கவலை நியாயமானது. அவற்றை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். குவியல்களின் மேல் வைத்த கேள்வி வரிகளே உட்தலைப்பாகும்: ‘வெயில் காலத்து வரத்து’, ‘பனிக்காலத்து விலை’. முடிவுரைக்குப் பத்திகளில் சொல்லாத, ஆனால் வாசிப்பவருக்குப் பயன்படும் ஒரு தகவலை ஒதுக்கி வைத்த உறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். திருக்குறள் சேர்க்க விரும்பினால், அது அந்தப் பொருளை விளக்கினால் சேர்க்கட்டும்.

கட்டுரையின் அளவு ஆறாம் வகுப்புக்கு நூறு சொல், ஏழாம் வகுப்புக்கு நூற்றைம்பது, எட்டாம் வகுப்புக்கு இருநூறு. ‘இரண்டு பக்கம் எழுது’ என்று சொல்லாதீர்கள். பக்கக் கணக்குச் சொன்னால் எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டு நிரப்புவார்கள்.

திருத்துதல்

திருத்தத்தை மூன்று தனிச் சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் பிள்ளை தன் கட்டுரையைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும். கேட்பவர் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லக் கூடாது. புரியாத இடத்தில் இரண்டு கேள்வி எழுதித் தர வேண்டும். எழுதியவர் அவற்றுக்குப் பதிலைக் கட்டுரைக்குள் சேர்ப்பார். இரண்டாவது சுற்று, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படிப்பது. அவை மட்டுமே கட்டுரையின் சுருக்கமாக ஒலிக்க வேண்டும். பிழை பார்ப்பது மூன்றாவது சுற்றில்தான்.

பிழையிலும் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சிவப்பு மையால் சுழித்தால் பிள்ளை எதையும் கற்காது. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் பொருத்தம்: ‘வியாபாரிகள் வந்தது’ என்று வாக்கியம் முடிந்தால் யாருடைய செயல் என்பதே குழம்பும். அடுத்த கட்டுரையில் ல, ள, ழ. அதற்கடுத்து வல்லினம் மிகும் இடங்களில் மூன்று: அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின், ‘ஐ’ உருபின் பின், ‘கு’ உருபின் பின். இந்த மூன்றும் கைவந்துவிட்டால் ஒற்றுப்பிழையில் பெரும்பங்கு குறைந்துவிடும்.

இருபது மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: தகவலுக்கு எட்டு, வரிசைக்கு ஐந்து, வாக்கியத் தெளிவுக்கு நான்கு, பிழையின்மைக்கு மூன்று. தொடங்கும் நாளிலேயே இதைப் பலகையில் எழுதிவிடுங்கள். மதிப்பெண் எங்கே அதிகமோ அங்கேதான் பிள்ளையின் உழைப்பும் போகும். கையெழுத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. படிக்க முடிகிற அளவு இருந்தால் போதும்.

எட்டுப் பாடவேளை

1. தலைப்பைக் கேள்வியாக்குதல்
2. கேட்க வேண்டிய கேள்விகள், பேசிப் பழகுதல், ஒரு மாதிரித் துண்டு (இதை வெள்ளிக்கிழமை வைத்தால் சனி, ஞாயிறு தகவல் சேர்க்கலாம்)
3. துண்டுகளைச் சரிபார்த்தல்
4. குவியல், வரிசை, ஒதுக்குதல்
5. கரும்பலகையில் ஒரு பத்தி
6. மற்ற பத்திகள்
7. படித்துக் காட்டுதல், இரண்டு கேள்வி, திருத்தம்
8. முன்னுரை, முடிவுரை, பிழை பார்த்துப் படியெடுத்தல்

நேரம் குறைந்தால் ஆறாவதை வீட்டுப்பாடமாக்கலாம். மூன்றாவதையும் நான்காவதையும் குறைக்காதீர்கள். அங்கே மிச்சம் பிடித்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நோட்டுத் திருத்தும்போது செலவாகும்.

கடைசி வேலை ஒன்று உண்டு. படியெடுத்த கட்டுரைகளை ஐந்தாம் வகுப்புக்கோ பக்கத்துப் பிரிவுக்கோ படிக்கக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டுரையோடும், அதில் விடை இருக்கிற ஐந்து கேள்விகளை எழுதியவரே தனித்தாளில் எழுதித் தர வேண்டும். படித்த பிள்ளை கட்டுரையை மூடிவிட்டு விடை எழுதட்டும். எந்தக் கேள்விக்கு விடை தவறியதோ, அந்தத் தகவல் இருக்கும் பத்தியை மட்டும் எழுதியவர் மறுபடி எழுதிக் கட்டுரையோடு ஒட்டித் தர வேண்டும்.